ரகசியக் கோப்பைத் திறக்கச் சொன்ன இருவர்

1974. பம்பாயில் லார்சன் அண்ட் டூப்ரோ நிறுவனத்துக்கு ஒரு சின்னத் தலைவலி. அதிகாரிகளை ஆண்டுக்கொரு முறை மதிப்பிடும் முறை அவர்களுக்குத் திருப்தியாக இல்லை. அதைச் சரிசெய்து தரச் சொல்லி அகமதாபாத் ஐ.ஐ.எம். பேராசிரியர்கள் இருவரை அழைத்தார்கள். ஒருவர் உதய் பரீக், ஐம்பதை நெருங்கிக்கொண்டிருந்த உளவியலாளர், ஜெய்ப்பூர்க்காரர். இன்னொருவர் டி.வி.ராவ், முப்பதைத் தொடாத இளைஞர், ஆந்திரக்காரர்.

வேறு ஆலோசகர்களாக இருந்தால் படிவத்தில் இரண்டு கட்டம் கூட்டி, ஒரு கட்டம் குறைத்து, பில்லை அனுப்பியிருப்பார்கள். இவர்கள் மேலாளர்களோடு உட்கார்ந்து பேசினார்கள். 1975இல் கொடுத்த அறிக்கையில் படிவம் ஒரு ஓரத்துக்குப் போய்விட்டது. ஒருவரை மதிப்பிடுவது, அவருக்கு என்ன வரும் என்று கண்டுபிடிப்பது, அதை அவரிடமே பேசுவது, பயிற்சி தருவது, அடுத்த பதவிக்குத் தயார்செய்வது... இவையெல்லாம் ஒன்றோடொன்று கோத்த காரியங்கள். இவற்றைப் பார்த்துக்கொள்ளத் தனியாக ஒரு துறை வேண்டும் என்றார்கள். நிறுவனம் ஒப்புக்கொண்டது. இந்தியாவில் முறையாக அமைந்த முதல் எச்.ஆர்.டி. (மனிதவள மேம்பாட்டு) துறை என்று இன்றுவரை பேசப்படுவது அதுதான்.

எச்.ஆர். என்றதும் இன்று நமக்கு என்ன ஞாபகம் வருகிறது? ஆஃபர் லெட்டர், நோட்டீஸ் பீரியட், பொங்கலுக்கு ஒரு கோலப்போட்டி, வேலையை விட்டுப் போகும்போது ஓர் எக்ஸிட் இன்டர்வியூ. அந்த ஆரம்பத்துக்கும் இதற்கும் எவ்வளவு தூரம்! 'மனிதரை மையமாகக் கொண்ட தலைமை' என்ற சொற்றொடர் இப்போது எல்லா நிறுவன மேடையிலும் தாராளமாகப் புழங்குகிறது. பரீக்கும் ராவும் கேட்டது அதைவிட எளிமையான ஒன்று, அதனாலேயே கடினமான ஒன்று: ஒரு மனிதரைப் பற்றி மேலதிகாரிக்கு ஒரு கருத்து இருந்தால், அதை அவருடைய முகத்துக்கு நேரே சொல்லட்டும், அவர் பதில் சொல்ல இடம் கொடுக்கட்டும்.

மேஸ்திரியிலிருந்து வெல்ஃபேர் ஆபீசர் வரை

இது எவ்வளவு பெரிய தாவல் என்பது நம் ஊர்க் கதையைப் பார்த்தால் விளங்கும். நூறாண்டுக்கு முன்பு ஆலைக்கு ஆள் பிடிப்பது, சீட்டைக் கிழிப்பது, லீவு தருவது எல்லாமே மேஸ்திரி கையில். வேலை வேண்டுமா, அவருக்கு மாமூல் வை. தேயிலைத் தோட்டமென்றால் அதே இடத்தில் கங்காணி. சென்னை பெரம்பூர் பக்கிங்ஹாம், கர்னாட்டிக் ஆலைத் தொழிலாளர்களின் குறைகளில் முக்கியமான ஒன்று, மத்தியானம் நிதானமாக ஒரு பிடி சோறு தின்ன நேரம் போதவில்லை என்பது. அந்தக் குறைகளிலிருந்துதான் 1918 ஏப்ரலில் பி.பி.வாடியாவைத் தலைவராகக் கொண்டு சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்தது, திரு.வி.க. துணைத்தலைவர்.

1931இல் தொழிலாளர் நிலை பற்றிய ராயல் கமிஷன் மேஸ்திரியின் பிடியைத் தளர்த்த, ஆலைகளில் லேபர் ஆபீசர்களை நியமிக்கச் சொன்னது. 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம், 49ஆவது பிரிவில், 500 பேரும் அதற்கு மேலும் வேலைசெய்யும் இடத்தில் வெல்ஃபேர் ஆபீசர் கட்டாயம் என்றது. சட்டம் வந்ததும் படித்த ஆள் வேண்டும் அல்லவா? 1952இல் மேரி கிளப்வாலா ஜாதவ் தொடங்கிய சென்னை சமூகப்பணிக் கல்லூரியிலிருந்து தலைமுறை தலைமுறையாகப் பெர்சனல் ஆபீசர்கள் கிளம்பி அம்பத்தூருக்கும் ராணிப்பேட்டைக்கும் கோவைக்கும் போனார்கள்.

அவர்கள் என்ன செய்தார்கள்? கேன்டீன், குழந்தைகள் காப்பகம், ஸ்டாண்டிங் ஆர்டர், ஷோகாஸ் நோட்டீஸ், சார்ஜ் ஷீட், டொமஸ்டிக் என்கொயரி. மூன்று வருடத்துக்கொரு முறை சங்கத்தோடு சம்பளப் பேச்சு. முடிந்தால் தொழில் தகராறுகள் சட்டத்தின் 18(1)படி இருவருக்குள்ளேயே ஒப்பந்தம், முடியாவிட்டால் லேபர் ஆபீசில் போய் 12(3) ஒப்பந்தம். நல்ல பெர்சனல் மேனேஜர் என்றால் ஸ்டிரைக் இல்லாமல் பார்த்துக்கொள்பவர் என்று பொருள். இளக்காரமாகச் சொல்லவில்லை. ஷிஃப்ட் முடிந்து கேட்டில் நின்று ஒவ்வொருவரையும் பெயர் சொல்லி, பெண் கல்யாணம் என்னாச்சு என்று விசாரிக்கத் தெரிந்தவர்கள் அவர்களில் நிறையப் பேர். ஆனால் அந்தத் தொழிலாளியோ சூப்பர்வைசரோ அடுத்த பத்து வருடத்தில் என்னவாக வளரலாம் என்று யோசிப்பது அவர்களுடைய வேலைப் பட்டியலில் இல்லை. அதிகாரிகளுக்கோ 'சி.ஆர்.' என்னும் ரகசியக் குறிப்பு. மேலே இருப்பவர் எழுதுவார். அதற்கும் மேலே இருப்பவர் கையெழுத்துப் போடுவார். யாரைப் பற்றி எழுதியதோ அவருக்கு மட்டும் தெரியாது.

பரீக் போட்ட கணக்கு

உதய் பரீக் கம்பெனி உலகத்தில் பிறந்து வளர்ந்த ஆலோசகர் அல்லர். அவருடைய ஆரம்பகால ஆய்வுகள் கிராமத்தைச் சுற்றியவை. கிராமப்புறக் குடும்பங்களின் சமூகப் பொருளாதார நிலையை அளக்க அவரும் ஜி.திரிவேதியும் அறுபதுகளில் உருவாக்கிய அளவுகோலை வேளாண் விரிவாக்க ஆய்வு மாணவர்கள் நெடுங்காலம் பயன்படுத்தி வந்திருக்கிறார்கள். ஹைதராபாத்தில் சிறுதொழில் விரிவாக்கப் பயிற்சி நிலையத்திலும் பணியாற்றினார்.

அந்த நிலையத்தில்தான் 1964இல் ஹார்வர்டு பேராசிரியர் டேவிட் மெக்லெலண்ட் ஒரு பிரபலமான சோதனையைத் தொடங்கினார். காக்கிநாடாவின் சிறு வியாபாரிகளைக் கூட்டிவந்து, 'சாதிக்கவேண்டும்' என்ற வேட்கையைப் பயிற்சியால் தூண்ட முடியுமா என்று பார்த்தார். முடியும் என்பது அவர் முடிவு. உலகமெங்கும் தொழில்முனைவோர் பயிற்சிக்கு அது ஓர் அடித்தளம்.

பரீக்குக்கு அது போதவில்லை. சாதிக்கும் வேட்கை மட்டும் இருந்தால் ஒரு மனிதன் முன்னேறுவான், ஊர் முன்னேறுமா? அறுபதுகளின் கடைசியில் அவர் ஒரு சூத்திரம் எழுதினார். சாதிக்கும் வேட்கையைப் பிறருக்காக நினைக்கும் வேட்கையால் பெருக்கு; அதிலிருந்து, யாராவது வந்து செய்துதரட்டும் என்று காத்திருக்கும் மனப்பான்மையைக் கழி; மிஞ்சுவதுதான் வளர்ச்சி. கவனியுங்கள், கூட்டல் போடவில்லை, பெருக்கல் போட்டிருக்கிறார். ஒரு பக்கம் பூஜ்யமானால் மறுபக்கம் எவ்வளவு பெரிதாக இருந்தாலும் பெருக்கலின் விடை பூஜ்யம். டார்கெட்டை அடிப்பதில் சூரர், கூட இருப்பவர்களை நசுக்குவதிலும் சூரர் என்று எல்லா அலுவலகத்திலும் ஒருவர் இருப்பார். பரீக்கின் கணக்கில் அவருடைய மதிப்பு என்ன என்று நீங்களே போட்டுக்கொள்ளலாம்.

பரீக்கும் ராவும் சேர்ந்த அகமதாபாத் ஐ.ஐ.எம். வளாகத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. அதன் முதல் முழுநேர இயக்குநர் ரவி மத்தாய். நாட்டின் நிதியமைச்சராக இருந்த ஜான் மத்தாயின் மகன். நிறுவனம் உச்சத்தில் இருந்த 1972இல், நாற்பத்தைந்து வயதில், தானாகவே நாற்காலியை விட்டு இறங்கினார். இறங்கி வேறெங்கும் போகவில்லை. அங்கேயே சாதாரணப் பேராசிரியராகப் பாடம் நடத்தினார். பிறகு ராஜஸ்தானின் வறண்ட ஜவாஜா வட்டாரத்துக்குப் போய் நெசவாளர்களோடும் தோல் தொழிலாளர்களோடும் வேலைசெய்தார். தலைமை பற்றி எத்தனை பவர்பாயிண்ட் போட்டாலும் வராத பாடம் அது. பரீக்கும் ராவும் அவரோடு சேர்ந்து நிறுவனங்களைக் கட்டியெழுப்புவது பற்றி ஒரு நூலே தொகுத்திருக்கிறார்கள்.

எதிரெதிர் நாற்காலி

இனி அந்த மதிப்பீட்டு முறைக்கு வருவோம். விஷயமே அதில்தான் இருக்கிறது. ராவ் வகுத்த முறையில் முதலில் பேனாவைப் பிடிப்பவர் மேலதிகாரி அல்லர். யாரை மதிப்பிடுகிறார்களோ அவரே தன் வருடத்தைப் பற்றி எழுதவேண்டும்: இன்னின்ன வேலையை எடுத்துக்கொண்டேன், இவ்வளவு முடித்தேன், எனக்குக் கைகொடுத்தது இது, காலை வாரியது இது. இந்தக் கடைசி இரண்டும் முக்கியம். மெஷின் ஸ்பேர் மூன்று மாதம் வரவில்லை, இரண்டு பேர் வேலையை விட்டுப் போய் மாற்று ஆள் தரவில்லை, மேலதிகாரியே முடிவெடுக்காமல் இழுத்தடித்தார் என்றெல்லாம் எழுத அங்கே இடம் உண்டு. அதாவது, மதிப்பிடப்படுகிறவரின் படிவத்தில் மதிப்பிடுகிறவரும் கொஞ்சம் மாட்டிக்கொள்வார்.

அதற்குப் பிறகு இருவரும் எதிரெதிரே உட்கார்ந்து பேசவேண்டும். ராவ் இதற்கு வைத்த பெயர் கவுன்சலிங். மனநல மருத்துவரிடம் போவதுபோல் ஒலித்தாலும் காரியம் சாதாரணமானதுதான்: ஒரு மேலாளர், தனக்குக் கீழே இருப்பவரின் பேச்சை இடைமறிக்காமல் முழுசாகக் கேட்பது. இதைப் பழக மேலாளர்களுக்குத் தனியாகப் பயிற்சி தேவைப்பட்டது என்பதை நினைத்தால் சிரிப்பு வருகிறது. கொஞ்சம் வருத்தமும்.

இன்னொன்று, இன்றைய வேலையில் கெட்டிக்காரராக இருப்பதும் நாளைய பதவிக்குப் பொருத்தமாக இருப்பதும் வேறுவேறு என்று பிரித்தது. ஷாப் ஃப்ளோரில் முதல்தரமான ஃபிட்டரை சூப்பர்வைசர் ஆக்கி, ஒரே நாளில் ஒரு நல்ல ஃபிட்டரை இழந்து ஒரு மோசமான சூப்பர்வைசரைப் பெற்ற தொழிற்சாலைகள் எத்தனை! அதற்காகத்தான் செயல்திறனுக்கு ஒரு கணக்கு, உள்ளாற்றலுக்குத் தனிக் கணக்கு.

வளர்ச்சிக்கான இந்தப் பேச்சைச் சம்பளப் பேரத்திலிருந்து தள்ளி வைக்கவேண்டும் என்று ராவ் பின்னாளில் புத்தகம் புத்தகமாக எழுதினார். பணம் மேஜைக்கு வந்துவிட்டால் யாரும் தன் குறையை ஒப்புக்கொள்ள மாட்டார்கள், இருவரும் வக்கீல்களாகிவிடுவார்கள்.

பெயர் போன வேகம்

எல் அண்ட் டி-க்குப் பிறகு பாரத ஸ்டேட் வங்கி, பொதுத்துறை நிறுவனங்கள் என்று எச்.ஆர்.டி. பரவியது. ராவ் ஜாம்ஷெட்பூர் எக்ஸ்.எல்.ஆர்.ஐ.யில் எச்.ஆர்.டி. மையத்தை உருவாக்கப் போனார். 1985இல் தேசிய எச்.ஆர்.டி. நெட்வொர்க் அமைப்பைத் தொடங்கி வைத்தவர்களில் முதன்மையானவர் அவர். அதே 1985இல் ராஜீவ் காந்தி அரசு கல்வி அமைச்சகத்துக்கே மனிதவள மேம்பாட்டு அமைச்சகம் என்று பெயர் சூட்டியது. பி.வி.நரசிம்ம ராவ் அதன் முதல் அமைச்சர். 2020இல்தான் அது மீண்டும் கல்வி அமைச்சகமானது. நம் கோட்டையிலும் பணியாளர் மற்றும் நிர்வாகச் சீர்திருத்தத் துறை என்று இருந்தது இப்போது மனிதவள மேலாண்மைத் துறை.

போர்டுகள் மாறின. கோப்பு திறந்ததா?

அதற்கு ஒரு வழக்கைப் பார்க்கவேண்டும். எல்லைச் சாலைகள் அமைப்பில் ஒரு எக்ஸிக்யூட்டிவ் இன்ஜினீயர். சூப்பரிண்டெண்டிங் இன்ஜினீயராகப் பதவி உயர ஐந்தாண்டு ரகசியக் குறிப்பிலும் 'வெரி குட்' இருக்கவேண்டும். அவருக்கு 1993-94ஆம் ஆண்டுக்கு மட்டும் 'குட்'. பதவி உயர்வு போனது. அப்படியொரு 'குட்' இருப்பதே அவருக்குச் சொல்லப்படவில்லை. ஏனென்றால் விதிப்படி பாதகமான குறிப்பைத்தான் தெரிவிக்கவேண்டும்; 'குட்' பாதகம் அல்லவே! நல்லவர் என்று எழுதியே ஒரு மனிதரைக் கவிழ்க்க முடிந்தது. தேவ்தத் எதிர் இந்திய அரசு என்ற அந்த வழக்கில் 2008 மே 12 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பு சொன்னது: நல்லதோ கெட்டதோ, ஒவ்வொரு குறிப்பையும் சம்பந்தப்பட்டவருக்குத் தெரிவிக்கவேண்டும், தெரிவிக்காமல் இருப்பது தன்னிச்சையான செயல். எழுதியவர், சென்னை உயர் நீதிமன்றத் தலைமை நீதிபதியாக முன்பு இருந்த மார்க்கண்டேய கட்ஜு. அந்தப் பொறியாளர் அதற்குள் ஓய்வுபெற்றுவிட்டிருந்தார்.

பிறகு மத்திய அரசு ரகசியக் குறிப்பை ஒழித்து, எழுதப்பட்டவரிடமே முழுதாகக் காட்டும் மதிப்பீட்டு அறிக்கையைக் கொண்டுவந்தது. பரீக்கும் ராவும் பம்பாயில் அறிக்கை கொடுத்து 34 ஆண்டுகள் கழித்து.

"மேல"

தனியார் துறை இதில் முன்னே போயிருக்கும் என்று நினைப்போம். அங்கே வேறு பூதம் வந்தது. அமெரிக்காவின் ஜி.இ. நிறுவனத்தில் ஜாக் வெல்ஷ் பிரபலப்படுத்திய 20-70-10 கணக்கு: முதல் இருபது சதவீதத்துக்குப் பரிசு, கடைசிப் பத்துக்குக் கதவு. இது பெல் கர்வ் என்ற பெயரில் பழைய மகாபலிபுரம் சாலை முழுக்கக் குடியேறியது. மார்ச், ஏப்ரலில் அங்கே ஏதாவது ஒரு மீட்டிங் ரூமில் இப்படி ஒரு பேச்சு நடக்கும்.

"இந்த வருஷம் உனக்கு த்ரீதான் வந்திருக்கு. நான் ஃபோர்னுதான் போட்டேன். நார்மலைசேஷன்ல இறக்கிட்டாங்க."

"யார் இறக்கினாங்க?"

"மேல."

அவ்வளவுதான். பேச்சு நடந்ததாகக் கம்ப்யூட்டரில் ஒரு டிக் விழும். உள்ளே போனால், சொன்னவருக்கே அந்தத் தீர்ப்பில் பங்கில்லை. கேட்டவருக்குப் பதில் சொல்ல ஆளில்லை. மைக்ரோசாஃப்ட் 2013இல் இந்த வகைத் தரவரிசையைத் தூக்கியெறிந்தது. நம் ஊர் நிறுவனங்கள் சிலவும் பிறகு கைவிட்டதாக அறிவித்தன. ஆனால் பட்ஜெட் என்ற ஒன்று இருக்கும்வரை வளைகோடு வேறு பெயரில் இருந்துகொண்டுதான் இருக்கும் என்பது அங்கே வேலைசெய்பவர்கள் எல்லோருக்கும் தெரியும். 2015 ஜனவரியில் சென்னையில் டி.சி.எஸ். ஆட்குறைப்பின்போது கர்ப்பிணி ஊழியர் ஒருவர் உயர் நீதிமன்றத்துக்குப் போய் இடைக்காலத் தடை வாங்கினார். தங்களுக்கும் தொழிற்சட்டம் பொருந்துமா என்று ஐ.டி. ஊழியர்கள் சத்தமாகக் கேட்கத் தொடங்கியது அப்போதுதான்.

பரீக், ராவ் சிந்தனையிடமும் எனக்கொரு மனத்தாங்கல் உண்டு. அவர்களுடைய முறை செயல்பட்டதெல்லாம் பெரும்பாலும் மேலாளர்களுக்குத்தான். ஷாப் ஃப்ளோரில் இருப்பவருக்குப் பழைய ஐ.ஆர். (தொழிலுறவு) துறையே கதி. அதிகாரிக்குக் கவுன்சலிங், தொழிலாளிக்கு சார்ஜ் ஷீட். ஒரே கம்பெனிக்குள் இரண்டு ஊர்.

சின்னங்களால் இந்தப் பிளவை மூட முயன்றவர்கள் உண்டு. தஞ்சைத் தரணியின் கருவேலியில் பிறந்த வி.கிருஷ்ணமூர்த்தி, திருச்சி பெல் ஆலையில் பேரெடுத்து, பிறகு மாருதியை உருவாக்கியபோது, எல்லோருக்கும் ஒரே சீருடை, ஒரே கேன்டீன், தடுப்பில்லாத அலுவலகம் என்று கொண்டுவந்தார். எண்பதுகளின் இந்தியாவில் அது புரட்சி. ஆனால் 2012 ஜூலையில் அதே மாருதியின் மானேசர் ஆலையில் கலவரம் வெடித்து மனிதவளத் துறையின் பொது மேலாளரே உயிரிழந்தார். சீருடை அப்போதும் ஒன்றுதான். அதற்குள் ஒப்பந்தத் தொழிலாளி, நிரந்தரத் தொழிலாளி என்ற இரண்டு உடம்புகள் இருந்தன. நம் சுங்குவார்சத்திரத்தில் 2024 செப்டம்பரில் சாம்சங் தொழிலாளர்கள் ஒரு மாதத்துக்கு மேல் வெளியே உட்கார்ந்தபோதும், சம்பளத்துக்குச் சமமாக நின்ற கேள்வி, எங்கள் சங்கத்தோடு பேசுவீர்களா மாட்டீர்களா என்பதுதான். நல்ல நிர்வாகம் இருக்கும் இடத்தில் சங்கம் எதற்கு என்று எச்.ஆர். கருத்தரங்குகளில் கேட்பார்கள். முகத்துக்கு நேரே பேசுவது ஒரு தனி ஆளுக்குச் சரி என்றால், ஆயிரம் பேர் சேர்ந்து பேச வந்தால் மட்டும் ஏன் கசக்கவேண்டும்?

ராவ் தன் துறையைத் தட்டிக்கொடுத்துக்கொண்டே இருந்தவர் அல்லர் என்பதையும் சொல்லவேண்டும். மேலதிகாரியைக் கீழே இருப்பவர்கள் மதிப்பிடும் முறையை எண்பதுகளிலேயே அகமதாபாத்தில் பயிற்சி முகாம்களில் சோதித்துப் பார்த்தார். 360 டிகிரி என்ற பெயர் இங்கே நாகரிகமாவதற்கு முன்பே. 1999இல் எச்.ஆர்.டி. தணிக்கை பற்றிய நூலை வெளியிட்டார். மற்றவர்களுக்கு மார்க் போடும் துறைக்கு யார் மார்க் போடுவது என்பதுதான் அதன் அடிப்படை. கணக்குத் தணிக்கைபோல் ஏடுகளைப் புரட்டுவதோடு அது நிற்காது. மேலிருப்பவர்களைத் தனியாகவும் மற்றவர்களைக் குழுவாகவும் பேட்டி காணவேண்டும், வினாத்தாள் கொடுக்கவேண்டும். அதோடு நேரில் போய்ப் பார்க்கவும் வேண்டும்: வேலைசெய்யும் இடம், கேன்டீன், கழிவறை, தங்குமிடம்.

2021 டிசம்பரில் ஸ்ரீபெரும்புதூர் ஃபாக்ஸ்கான் ஆலைப் பெண் தொழிலாளர்கள் தங்கியிருந்த, ஒப்பந்ததாரர் நடத்திய விடுதி ஒன்றில் உணவு விஷமானது. 159 பேர் மருத்துவமனையில். ஐபோன் செய்யும் கைகள், ஒரு அறைக்குள் நெருக்கியடித்துத் தரையில் படுத்துக்கொண்டிருந்தன என்பது அப்போதுதான் வெளியே தெரிந்தது. தணிக்கை என்று யாராவது ஒருவர் கதவைத் திறந்து எட்டிப்பார்த்திருந்தால் ஒரு நிமிடத்தில் தெரிந்திருக்கும். ஆனால் அந்தப் பெண்கள் சென்னை - பெங்களூரு நெடுஞ்சாலையில் ராத்திரியில் போய் உட்கார்ந்ததற்குச் சாப்பாடு மட்டும் காரணமில்லை. கூட இருந்தவர்களில் சிலர் இறந்துவிட்டார்கள் என்று வதந்தி பரவியது. உயிரோடு இருக்கிறார்களா என்று கேட்டார்கள். நம்பும்படி பதில் சொல்ல, அவர்களுக்குத் தெரிந்த முகம் நிர்வாகத்தில் ஒன்றுகூட இல்லை. போக்குவரத்து மணிக்கணக்கில் நின்றது. கடைசியில் பேச வந்தவர்கள் மாவட்ட ஆட்சியரும் போலீஸ் அதிகாரிகளும்.